பெயருக்கு உயிர் கொடுத்தவர்



குழந்தைக்கு ஞானஸ்நானம் பெறுவதற்காகப் பெற்றாரும் ஞானப் பெற்றாரும் கோயில் வாசலில் வந்து நிற்கும்போது, குருவானவர் முதன்முதலில் கேட்பது என்ன? குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்பதே. தகப்பன் பார்க்கும் உத்தியோகம் என்ன, தாய் எந்த ஊரவள், குடும்பத்துக்குக் காணி பூமி எவ்வளவு என்றெல்லாம் திருச்சபை அங்கே விசாரிப்பதில்லை. பெயரை மட்டும் கேட்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தே, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினால் தண்ணீர் வார்க்கிறது.

இது வெறும் பதிவேட்டுக்கான கேள்வி அல்ல. வேதாகமத்தைப் புரட்டிப் பாருங்கள். இறைவன் ஒருவரைத் தமக்கென்று தெரிந்துகொள்ளும்போது அவருடைய பெயரிலேயே கை வைக்கிறார். ஆபிராம் ஆபிரகாம் ஆகிறார். யாக்கோபு இஸ்ராயேல் ஆகிறார். கலிலேயா மீனவரான சீமோன் பாறை என்று பொருள்படும் பெயரைப் பெறுகிறார். நல்ல ஆயன் தம் ஆடுகளை எண்ணிக்கையாக அல்ல, பெயர் சொல்லி அழைக்கிறார் என்று ஆண்டவரே போதித்திருக்கிறார். உயிர்த்த ஆண்டவரைக் கண்டும் தோட்டக்காரர் என்று எண்ணி நின்ற மரிய மதலேனாள், அவர் தன் பெயரைச் சொன்ன அந்தக் கணத்திலேயே அவரை அறிந்துகொண்டாள்.

ஆகவே, பெயர் என்பது அழைப்பு. அழைப்புக்கு மறுமொழி வேண்டும். அந்த மறுமொழியைத் தன் உயிராலேயே கொடுத்த ஒரு மனிதரின் சரித்திரத்தை இன்று உங்கள் முன் வைக்கிறோம். அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். மனைவியோடு இல்லறம் நடத்திய ஓர் அரச உத்தியோகத்தர். அவருடைய பெயரைத் தாங்கியவர்கள் நம் குடும்பங்களிலும் பலர் உண்டு. தேவசகாயம் என்பதே அந்தப் பெயர்.

நீலகண்டன்

1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆந் திகதி, அந்நாளைய திருவிதாங்கூர் இராச்சியத்தைச் சேர்ந்த நட்டாலம் என்னும் ஊரில் அவர் பிறந்தார். இன்று அவ்வூர் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. தந்தை வாசுதேவன் நம்பூதிரி. தாய் தேவகி அம்மாள். பெற்றார் இட்ட பெயர் நீலகண்டன். அது சிவபெருமானின் திருநாமங்களுள் ஒன்று. பக்தியுள்ள பெற்றார் பக்தியோடு இட்ட பெயர் அது.

அந்நாட்டு வழக்கப்படி தாய்வழியே குலம் கணிக்கப்பட்டதால் அவர் நாயர் குலத்தவராய் வளர்ந்தார். பெயரோடு பிள்ளை என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. அக்காலத்தில் அந்தப் பட்டம் ஒரு திறவுகோல் போன்றது. எந்த வீட்டு வாசலில் நிற்கலாம், எந்தக் கிணற்றில் நீர் மொள்ளலாம், யாரோடு சமமாய் உட்காரலாம் என்பதையெல்லாம் அதுவே தீர்மானித்தது. நீலகண்டப் பிள்ளைக்கு அநேக வாசல்கள் திறந்தே இருந்தன. கல்வியும் போர்ப் பயிற்சியும் பெற்று, மார்த்தாண்டவர்மா மகாராசாவின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் வகித்தார். பார்கவி என்ற நற்குணப் பெண்ணை மணந்தார்.

கடல் கடந்து வந்த கைதி

இவ்வேளையில் நம் இலங்கைத் தீவின் சரித்திரமும் இந்தக் கதையோடு வந்து முட்டுகிறது. இங்கு கரையோர நாடுகளை ஆண்டுகொண்டிருந்த ஒல்லாந்தக் கொம்பனியார், மிளகு வியாபாரத்தின் பொருட்டுத் திருவிதாங்கூரோடு பகை கொண்டு, 1741ஆம் ஆண்டில் குளச்சல் கடற்கரைக்குப் படை அனுப்பினர். அந்தப் படை தோற்றது. அதை நடத்திச் சென்ற கப்டன் யூஸ்தாக்கியுஸ் டி லனோய் சிறைப்பட்டார். மகாராசா அவருடைய திறமையைக் கண்டு தம் சேனைக்கே பயிற்சியளிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தார்.

இறைவனின் வழிகளை யார் அளந்தறிவார்? ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கைக் கத்தோலிக்கர் தங்கள் வழிபாட்டை வெளிப்படையாய் நடத்த இயலாமல் ஒடுக்கப்பட்டிருந்த காலம் அது. அந்த ஒல்லாந்தரின் படையோடு வந்து கைதியானவரோ ஒரு கத்தோலிக்கர். ஒடுக்கியவர்களின் படகிலேயே விசுவாசத்தின் விதை திருவிதாங்கூர் அரண்மனைக்குள் போய்ச் சேர்ந்தது.

அக்காலத்தில் நீலகண்டனின் குடும்பத்தைத் துன்பம் தொடர்ந்து வாட்டியது. கால்நடைகள் மடிந்தன, செல்வம் குறைந்தது. மனம் சோர்ந்திருந்த நண்பரிடம் டி லனோய் யோபுவின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை இழக்காத அந்த நீதிமானின் கதை நீலகண்டனின் உள்ளத்தில் தைத்தது. துன்பத்தை நீக்கிவிடுவதாக அக்கதை வாக்களிக்கவில்லை. துன்பத்திலும் இறைவன் கைவிடுவதில்லை என்றே சொன்னது. அந்த வித்தியாசத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய பிற்கால வாழ்வு முழுவதற்கும் விளக்கம் அதுவே.

பிச்சைக்காரனின் பெயர்

நீண்ட ஆலோசனைக்குப் பின்னர், டி லனோயின் ஏற்பாட்டில், அவர் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பாலுள்ள வடக்கன்குளத்துக்குச் சென்றார். அங்கே யேசு சபைக் குருவான புத்தாரி சுவாமியார் அவரைச் சோதித்தறிந்து, 1745ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் திகதி ஞானஸ்நானம் வழங்கினார். லாசர் என்ற பெயர் இடப்பட்டது. அதன் பொருள் தமிழாக்கப்பட்டுத் தேவசகாயம் என வழங்கியது. கடவுள் துணை என்பதே அந்த எபிரேயப் பெயரின் பொருள்.

அந்நாளைய மதுரை மிஷன் குருமார் பெயர்களை வெறும் ஓசையாகக் கொள்ளவில்லை. பொருளை அறிந்து தமிழில் தந்தார்கள். இறைவனின் அருளைக் குறிக்கும் யோவான் என்ற பெயர் அருளப்பர் ஆயிற்று. சிறியவர் எனப் பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார். தங்களுக்கும் அவ்விதமே பெயர் சூடிக்கொண்டனர். 1693இல் ஓரியூரில் தலை கொடுத்த புனித யோவான் பிரித்தோ, அருளானந்தர் என்றே நம் மக்களால் அறியப்பட்டார். கிறிஸ்துவைப் பற்றிக்கொள்வதற்குத் தமிழன் தன் மொழியை விட்டுவிட வேண்டியதில்லை என்பதை இப்பெயர்கள் சொல்லாமல் சொல்லின.

லாசர் என்ற பெயரைச் சற்று உற்று நோக்குங்கள். சுவிசேஷத்தில் இப்பெயருடையோர் இருவர். ஒருவர் பெத்தானியாவின் லாசர். கல்லறைக்குள் கிடந்தபோது ஆண்டவரால் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு வெளியே வந்தவர். மற்றவர் ஆண்டவர் கூறிய உவமையில் வருபவர். செல்வனின் வாசலில் புண்களோடு கிடந்த பிச்சைக்காரன். ஆண்டவர் தம் உவமைகளில் பெயரிட்டுச் சொன்ன பாத்திரம் அந்த ஏழை ஒருவனே. மாளிகையில் விருந்துண்ட செல்வனுக்கு அங்கே பெயர் இல்லை. உலகம் செல்வனின் பெயரை அறியும். ஏழையின் பெயரைக் கேட்பதுமில்லை. விண்ணகப் பதிவேட்டில் அது தலைகீழாய் இருக்கிறது.

அரண்மனை உத்தியோகத்தர், பட்டமுடையவர், செல்வாக்குள்ளவர். அவர் 33 வயதில் ஏற்றுக்கொண்டது வாசலில் கிடந்த பிச்சைக்காரனின் பெயரை. இதை அவர் அலங்காரமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்பியபின் அவர் நடந்துகொண்ட விதமே அதற்குச் சாட்சி. தம் மனைவிக்கு விசுவாசத்தைப் போதித்தார். அவரும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்ற பெயரை ஏற்றார். தேவசகாயம் மற்றவர்களுக்கும் சுவிசேஷத்தை எடுத்துரைத்தார். குலத்தின் வரம்பைக் கடந்து எல்லோரோடும் பழகினார். சாதி எதுவாயினும் மனிதர் யாவரும் சமம் என்று வற்புறுத்திச் சொன்னார். உயர்குலத்தோரின் பகைக்கு இதுவே முக்கிய காரணமாயிற்று. ஒருவர் தம் தெய்வத்தை மாற்றிக்கொண்டதைப் பொறுத்தாலும் பொறுப்பார்கள். தம் பந்தியை மாற்றிக்கொண்டதை உலகம் எளிதில் பொறுப்பதில்லை.

பெயருக்கு வந்த சோதனை

1749ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆந் திகதி அவர் கைது செய்யப்பட்டார். அரச இரகசியங்களை அந்நியருக்கு வெளியிட்டார் என்ற இராசத்துரோகக் குற்றம் அவர் மீது சுமத்தப்பட்டது. புதிய விசுவாசத்தைக் கைவிட்டால் பழைய நிலை திரும்பக் கிடைக்கும். கைவிடாவிடில் சிறையும் சித்திரவதையும். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அந்த வேதனை நீடித்தது.

எருக்கம்பூ மாலையிட்டு, எருமையின் மேல் பின்முகமாக அமர்த்தி, ஊரூராக அவரை ஊர்வலம் விட்டார்கள் என்று பரம்பரைச் செய்திகள் கூறுகின்றன. பிரம்படிகளால் உடல் கிழிந்தது. புண்களில் மிளகாய்ப் பொடி தேய்க்கப்பட்டது. எந்த ஊர்களில் அவர் பட்டத்தோடும் மரியாதையோடும் நடமாடினாரோ, அதே ஊர்களின் வழியே இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டார். பெருவிளையில் மரமொன்றில் கட்டிவைக்கப்பட்டு வெயிலிலும் மழையிலும் கிடந்தார். செல்வனின் வாசலில் கிடந்த லாசரின் புண்கள் இப்போது அவருடைய சொந்தப் புண்களாயின.

வாசகரே, அவருடைய பெயரின் பொருளை இவ்வேளையில் நினைத்துப் பாருங்கள். கடவுள் துணை. ஆனால் விலங்கு கழலவில்லை. அடி குறையவில்லை. சிறைக்கதவு திறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் காவலர் அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, அதுவே ஓர் ஏளனமாக ஒலித்திருக்காதா? உன் தேவனின் சகாயம் எங்கே என்ற கேள்வி, கேட்கப்படாமலே அந்தப் பெயருக்குள் இருந்தது. நம்மில் எத்தனையோ பேர் இதே கேள்வியால் குத்தப்பட்டிருக்கிறோம். யுத்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும், இருந்த வீட்டை விட்டுப் பலமுறை ஓடிய குடும்பமும் இந்தக் கேள்வியை அறிவார்கள்.

புலியூர்க்குறிச்சியில், தாகத்தால் தவித்த அவர் பாறையின் மேல் முழந்தாளிட்டுச் செபித்தபோது தண்ணீர் சுரந்தது என்று அப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இன்றும் அந்தப் பாறையை யாத்திரிகர் நாடிச் செல்கின்றனர். அந்தச் செய்தியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தாகம் தீர ஒரு கை நீர் கிடைத்தது. சங்கிலியோ அப்படியே இருந்தது. துன்பத்திலிருந்து தூக்கி எடுப்பது மட்டுமே இறைவனின் துணை என்று எண்ணுகிறவன், சங்கிலியைப் பார்த்து மனம் உடைவான். துன்பத்திற்குள்ளே இறைவன் உடன் நிற்கிறார் என்று அறிந்தவன், அந்த ஒரு கை நீரில் அவருடைய முகத்தைக் காண்பான். யோபுவின் சரித்திரத்தில் அவர் கற்ற பாடம் இதுவன்றோ?

ஈற்றில் அவரை நாட்டின் எல்லையான ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுசென்றனர். அங்கும் மக்கள் அவரைத் தேடி வந்தனர். 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி, காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் காட்டிலே எறியப்பட்டது. சில நாட்களின் பின்னர் விசுவாசிகள் எஞ்சிய எலும்புகளைச் சேகரித்து, கோட்டாறு புனித சவேரியார் கோயிலில் பீடத்தின் முன்பாக அடக்கம் செய்தார்கள். அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்தில் தங்கி வாழ்ந்து அங்கேயே துயில் கொண்டார். 1756இல் கொச்சி மேற்றிராணியார் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த வேதசாட்சியின் மரணமும் குறிக்கப்பட்டது.

கணக்குப் பாருங்கள். நீலகண்டன் என்ற பெயரோடு அவர் வாழ்ந்தது 33 ஆண்டுகள். தேவசகாயம் என்ற பெயரோடு வாழ்ந்தது ஆறு ஆண்டுகளும் எட்டு மாதங்களும். அதிலும் ஏறக்குறைய பாதிக்காலம் சிறையிலும் சித்திரவதையிலும் கழிந்தது. இருந்தும் 270 ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் நினைவில் நிற்பது அந்தக் குறுகிய காலத்துப் பெயரே. பெயரின் ஆயுளைத் தீர்மானிப்பது அதைத் தாங்கிய ஆண்டுகள் அல்ல; அதற்குக் கொடுத்த விலை.

வாலில்லாத பெயர்

கதை இத்துடன் முடியவில்லை. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆந் திகதி நாகர்கோவிலில், பாப்பரசரின் பிரதிநிதியாக வந்த கர்தினால் ஆஞ்சலோ அமாத்தோ அவரை முத்திப்பேறு பெற்றவராகப் பிரகடனம் செய்தார். அப்போது தேவசகாயம் பிள்ளை என்றே அவர் பெயர் வழங்கியது. 2022ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி, உரோமையில் புனித இராயப்பர் சதுக்கத்தில், பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியாவின் பொதுநிலையினருள் புனிதர் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. அன்று வாசிக்கப்பட்ட பெயரில் பிள்ளை என்ற பட்டம் இருக்கவில்லை. சாதி வேற்றுமையை எதிர்த்து உயிர்விட்டவரின் பெயரில் சாதிப் பட்டம் ஒட்டியிருப்பது பொருந்தாது என்று விண்ணப்பங்கள் சென்றிருந்தன. திருச்சபை அதை நீக்கிற்று. தேவசகாயம் என்ற பெயர் மட்டும் பீடத்தில் ஏறிற்று.

நம்மவர் இங்கே மயங்கவேண்டாம். நம் குடும்பங்களில் சூசைப்பிள்ளை, மரியாம்பிள்ளை, அந்தோனிப்பிள்ளை என்று வழங்கும் பெயர்களில் உள்ள பிள்ளை, குழந்தை என்ற அன்பான பொருளுடையது. புனித சூசையப்பரின் பிள்ளை, மரியாயின் பிள்ளை என்பதைவிட அழகான பெயர் ஏது? திருவிதாங்கூரில் அது குலத்தைக் குறித்த பட்டம். சொல் ஒன்றுதான், ஒன்று தாயின் மடியைக் காட்டுகிறது, மற்றது வேலியைக் காட்டுகிறது. நீக்கப்பட்டது வேலி.

ஆனால் வேலி எழுத்தில் மட்டும் இருப்பதில்லை. தேவசகாயம் புதுப்பெயர் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கோயில், வெவ்வேறு சாதியினர் ஒருவரையொருவர் காணாதபடி இரு கைகளாகப் பிரித்து அமைக்கப்பட்டது. பீடம் ஒன்று, அப்பம் ஒன்று, இடையிலே தடுப்பு. 1910ஆம் ஆண்டில்தான் குருவானவர் ஒருவரின் முயற்சியால் அது இடிக்கப்பட்டது. பிரிவினைக்கு எதிராக இரத்தம் சிந்தியவரின் ஞானத் தொட்டில் இருந்த ஊரிலேயே பிரிவினைக்குச் சுவர் எழும்பியதென்றால், மனித மனம் எவ்வளவு கடினமானது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கல்லை அவர்கள் மீது எறிவதற்கு முன் நம் வீட்டு முற்றத்தைப் பார்ப்போம். ஞானஸ்நானத் தொட்டியடியில் குழந்தையின் பெயரை மட்டும் கேட்ட திருச்சபையின் பிள்ளைகளாகிய நாம், அதே குழந்தை வளர்ந்து கலியாணப் பேச்சு வரும்போது என்ன கேட்கிறோம்? பையன் செபம் சொல்வானா, குடியில்லாதவனா, பெண் விசுவாசமுள்ளவளா என்று கேட்குமுன், அவர்கள் எந்தப் பகுதியார் என்று விசாரிக்கிறோம். பெயரில் பட்டம் இல்லை. ஆனால் மனதிலே ஒரு பட்டியல் இருக்கிறது. பெயர் கிறிஸ்தவப் பெயர். அதன் வால் பழைய மனிதனுடையது. திருச்சபை உரோமையிலே அறுத்த வாலை நாம் வீட்டிலே வளர்ப்பது நியாயமா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெயரால் வரும் துன்பத்தை நாமும் அறியாதவர்கள் அல்லர். 1983இலும் அதன் பின்னரும் ஒருவரின் பெயரைக் கேட்டே அவரை ஆபத்தானவரென்று தீர்ப்பிட்ட நாட்களை இந்நாடு கண்டது. பெயரைக் கொண்டு மனிதனை எடைபோடுவது எவ்வளவு கொடியதென்று அனுபவித்த நாமே, நமக்குள் குலப்பெயரைக் கொண்டு எடைபோடுவோமாயின், பட்ட துன்பத்திலிருந்து நாம் கற்றது என்ன?

நம் மன்னார் மண்ணில் 1544ஆம் ஆண்டில் விசுவாசத்துக்காக வெட்டுண்ட வேதசாட்சிகள் நூற்றுக்கணக்கானோர். புதிதாய் ஞானஸ்நானம் பெற்று, புதிதாய்ப் பெயர் பெற்றிருந்தவர்கள். அந்தப் பெயர்களை உச்சரித்துப் பழகவும் காலம் கிடைக்காமல் மடிந்தார்கள். அவர்களுடைய பெயர்ப் பட்டியல் நம் கையில் இல்லை. ஆயினும் ஒரு பெயரும் தொலைந்துவிடவில்லை என்பது நம் விசுவாசம். ஜீவ புத்தகத்தில் பெயர் எழுதுகிறவர் இறைவன். அவருக்குக் கரையான் அரித்த ஏடு இல்லை.

ஆகவே அன்பு வாசகரே, குழந்தைக்குப் பெயர் தேடும்போது எண் சோதிடத்தின் கணக்கையோ, பொருளற்ற புதிய ஓசையையோ தேடி அலையாதீர்கள். பிள்ளை தன் பெயரின் பொருள் என்னவென்று ஒருநாள் கேட்கும்போது, அதற்குச் சொல்ல உங்களிடம் ஒரு நல்ல வாழ்வின் கதை இருக்கட்டும். பெயர்கொண்ட புனிதரின் திருநாளில் அந்தக் கதையை வீட்டிலே சொல்லுங்கள். தைப்பொங்கலை ஒட்டி சனவரி 14இல் புனித தேவசகாயத்தின் திருநாள் வருகிறது. அன்று குடும்பச் செபத்தில் ஒவ்வொருவரும் தத்தம் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி, அதன் பொருளை நினைத்து, அதற்கேற்ப வாழ வரம் கேட்பது நல்ல வழக்கமாகும்.

துன்ப வேளையில் கடவுளின் துணை எங்கே என்று கலங்கி நிற்போருக்கும், இன்னும் பழைய வாலை விடமனமின்றித் தயங்கி நிற்போருக்கும், தன் பெயருக்கு உயிர் கொடுத்த அந்த இல்லறத்தார் இறைவனிடம் பரிந்து பேசுவாராக.